பூத்த மரத்தின் பூர்வீகம்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. தாவரவியல்

ஒரு மனிதனின் பூர்வீகத்தை அறிய விரும்பினால் ஊர்ப் பெரியவர்களைக் கேட்கலாம். பழைய பத்திரங்களைப் புரட்டலாம். ஒரு மரத்தின் பூர்வீகத்தை அறிய விரும்பினால் யாரைக் கேட்பது? நட்டவர் மறைந்துவிட்டார். கன்று விற்றவர் கணக்கு எழுதி வைக்கவில்லை. இலையையும் பூவையும் பார்த்து அறிஞர்கள் கூறிய முடிவுகளோ ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. இத்தகைய ஒரு வழக்கு, ஜப்பானின் புகழ்பெற்ற செர்ரி மரம் ஒன்றைப் பற்றி ஏறத்தாழ நூறாண்டுகள் நடந்தது. இரு நாட்டு மக்களின் மானப் பிரச்சினையாகவும் அது வளர்ந்தது. இறுதியில் சாட்சி சொன்னது அம்மரத்தின் செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. ஆகும். அச்சாட்சியம் எவ்வாறு பெறப்பட்டது, எதை மெய்ப்பித்தது, எதை மெய்ப்பிக்கவில்லை என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

சோமெய் யோஷினோ

பழத்துக்காக வளர்க்கப்படும் செர்ரி வேறு. பூவுக்காகவே வளர்க்கப்படும் அழகுச் செர்ரி வேறு. இரண்டும் ரோஜாவின் குடும்பமாகிய ரோசேசியைச் சேர்ந்தவை. அழகுச் செர்ரியை ஜப்பானியர் 'சகுரா' என்பர். அந்நாட்டின் மலைகளிலும் தீவுகளிலும் ஏறத்தாழப் பத்துக் காட்டினங்கள் வளர்கின்றன. இவை ஒன்றோடொன்று எளிதில் கலக்கும் இயல்புடையவை. அதனால் பல நூற்றாண்டுகளாகத் தோட்டக்காரர்கள் தேர்ந்தெடுத்த வகைகள் நூற்றுக்கணக்கில் பெருகியுள்ளன.

அவற்றுள் இன்று மிகுதியாக நடப்பட்டிருப்பது 'சோமெய் யோஷினோ' என்னும் வகை. இலை துளிர்க்கும் முன்பே மரம் முழுவதும் வெளிர் இளஞ்சிவப்புப் பூக்களால் மூடப்படும். ஜப்பானிய வானிலைத் துறை 1953 முதல் நாடெங்கும் செர்ரி பூக்கும் நாளைக் கவனித்துப் பதிவு செய்து வருகிறது. பெரும்பாலான இடங்களில் அதற்கு அளவுகோலாக இருப்பது இம்மரமே. குறிப்பிட்ட மரத்தில் ஐந்தாறு பூக்கள் விரிந்துவிட்டால் அவ்வூரில் சகுரா பூத்துவிட்டதாக அறிவிப்பர்.

இம்மரத்தின் பெயரிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. இன்றைய டோக்கியோவின் பழைய பெயர் எடோ. அந்நகரை ஒட்டிய சோமெய் என்னும் சிற்றூரில் நாற்றங்கால் வைத்துக் கன்று விற்போர் பலர் இருந்தனர். அவர்கள் 19-ஆம் நூற்றாண்டில் இம்மரத்தை 'யோஷினோ' என்று பெயரிட்டு விற்றனர். யோஷினோ என்பது நாரா பகுதியிலுள்ள, செர்ரிக்குப் பேர்பெற்ற மலை. ஆனால் அங்கே நிற்பவை 'யமசகுரா' எனப்படும் மலைச் செர்ரிகள், இம்மரம் அன்று. ஆகவே வேறுபாடு தெரிய வேண்டி, 1900-இல் ஃபுஜினோ என்பவர் சோமெய் ஊரின் பெயரையும் சேர்த்துச் 'சோமெய் யோஷினோ' என்று பெயர் சூட்டினார். 1901-இல் தாவரவியல் அறிஞர் மட்சுமுரா இதற்குப் 'புரூனஸ் எடோயென்சிஸ்' என்னும் அறிவியல் பெயரைத் தந்தார். எடோ நகரைச் சார்ந்தது என்பது அதன் பொருள். பெயர் கிடைத்துவிட்டது, பிறப்பிடம் மட்டும் கிடைக்கவில்லை. எந்தக் காட்டிலும் இம்மரம் தானாக வளர்வதை எவரும் கண்டதில்லை.

வழக்கின் இரு பக்கங்கள்

1908-இல் கொரியாவின் ஜெஜு தீவில் பணியாற்றிய டாக்கே என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், ஹல்லா மலைப் பகுதியில் ஒரு செர்ரி மரத்தின் கிளையைப் பறித்து உலர்த்தி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். 1912-இல் ஜெர்மானிய அறிஞர் கோனே, அது எடோயென்சிஸ் இனத்தின் ஒரு வகையே என்று முடிவு செய்தார். 1932-இல் ஜப்பானிய அறிஞர் கொய்சுமியும் ஜெஜு தீவே இம்மரத்தின் தாயகம் என்று எழுதினார்.

இதற்கிடையில், 1916-இல் செர்ரிகளைப் பற்றி நூல் எழுதிய ஆங்கிலேயத் தாவரவியலார் வில்சன் வேறொரு கருத்தை வெளியிட்டார். சோமெய் யோஷினோ தனி இனமே அன்று. 'எடோஹிகன்', 'ஓஷிமா' என்னும் இரு காட்டினங்களின் கலப்பு என்பது அவர் ஊகம். எடோஹிகன் இளவேனிலின் தொடக்கத்தில் இலைக்கு முன்பே பூக்கும், பூ சிறியது. ஓஷிமா, டோக்கியோவுக்குத் தெற்கேயுள்ள இசு தீவுகளுக்கும் அதை அடுத்த கரைக்கும் உரியது; பூ பெரியது, வெண்மையானது; இலையும் பூவும் சேர்ந்தே வரும். சோமெய் யோஷினோவில் இலைக்கு முன் பூக்கும் பண்பு ஒன்றிடமிருந்தும், பெரிய பூ மற்றொன்றிடமிருந்தும் வந்திருக்கலாம் அல்லவா?

மிஷிமா நகரிலுள்ள தேசிய மரபியல் நிலையத்தின் தாகெனாகா இந்த ஊகத்தைச் சோதனைக்கு உட்படுத்தினார். சோமெய் யோஷினோவின் விதைகளை முளைக்க வைத்தபோது கன்றுகள் ஒரே மாதிரி வரவில்லை. சில எடோஹிகனை ஒத்திருந்தன. சில ஓஷிமாவை ஒத்திருந்தன. மெண்டல் விதிகளைப் படித்தவர்களுக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். மேலும், அவ்விரு இனங்களையும் தாமே கலந்து சோமெய் யோஷினோவை ஒத்த மரங்களையும் அவர் உண்டாக்கினார். இம்முடிவுகள் 1960-களின் தொடக்கத்தில் வெளியாயின. ஆனாலும் வழக்கு முடியவில்லை. ஒத்த உருவம் ஒத்த பிறப்புக்குச் சான்று ஆகாது என்று மறுதரப்பினர் கேட்டனர். கேள்வி நியாயமானதே.

இந்தக் கேள்விக்குப் பின்னால் இருந்த வேதனையையும் நாம் மறத்தலாகாது. 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. சோலில் உள்ள சாங்கியோங் அரண்மனை மிருகக்காட்சிச் சாலையாக மாற்றப்பட்டு, அங்கே வரிசை வரிசையாகச் செர்ரி மரங்கள் நடப்பட்டன. அரண்மனையைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் பணியில் 1980-களில்தான் அவை அகற்றப்பட்டன. ஆண்டவர்களின் சின்னமாகிய ஒரு மரத்தை ஒரு மக்கள் எப்படிப் பார்ப்பார்கள்? அதை வெட்டச் சொல்வோர் ஒருபுறம். 'அது நம் ஜெஜு மண்ணில் பிறந்த மரம். நம்முடையதையே அவர்கள் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டு வந்தார்கள்' என்று ஆறுதல் கொள்வோர் மறுபுறம். ஜெஜு தீவின் காட்டு மரங்கள் 1964-இல் கொரியாவின் இயற்கை நினைவுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போரின்போது, 1943-இல், அமெரிக்காவின் வாஷிங்டன் நகரிலும் 'இவை கொரியச் செர்ரிகள்' என்ற வாதம் எழுந்தது. 1912-இல் டோக்கியோ மேயர் ஒசாகி அந்நகருக்கு அன்பளிப்பாக அனுப்பிய 3,020 மரங்களில் 1,800 மரங்கள் சோமெய் யோஷினோ ஆகும்.

மரபணு அடையாளம் என்றால் என்ன?

பழைய ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பிக்கும் புலவர்கள் கையாளும் முறை ஒன்று உண்டு. ஒரு நூலுக்குப் பத்துப் பிரதிகள் கிடைத்தால் அவற்றின் பாடபேதங்களை ஒப்பிடுவர். ஒரே இடத்தில் ஒரே எழுத்துப் பிழை இரு பிரதிகளில் இருந்தால், அவை இரண்டும் ஒரு மூல ஏட்டைப் பார்த்து எழுதப்பட்டவை என்று கொள்வர். சரியாக எழுதப்பட்ட பகுதிகள் எல்லாப் பிரதிகளிலும் ஒன்றுபோலவே இருப்பதால் அவை உதவமாட்டா. வேறுபடும் இடங்களே வழிகாட்டும்.

டி.என்.ஏ.வும் ஏ, டி, ஜி, சி என்னும் நான்கு எழுத்துகளால் எழுதப்பட்ட சுவடியே. அது தலைமுறைதோறும் பிரதி செய்யப்படுகிறது. மரத்துக்கு மரம் வேறுபடுவதும், பெற்றோரிடமிருந்து மாறாமல் வருவதும், சோதனைச்சாலையில் எளிதில் அளக்கக் கூடியதுமான ஓர் இடத்தை மரபணு அடையாளம் என்கிறோம். ஆய்வாளர்கள் இதை மார்க்கர் என்று வழங்குவர்.

செர்ரி ஆய்வில் பெரிதும் பயன்பட்டது 'எஸ்.எஸ்.ஆர்.' எனப்படும் அடையாளம். டி.என்.ஏ.வின் சில இடங்களில் சிடி சிடி சிடி என்று ஒரே அசை திரும்பத் திரும்ப வரும். ஒரு மரத்தில் அது 12 தடவை வரலாம். வேறொன்றில் 17 தடவை வரலாம். பி.சி.ஆர். என்னும் முறையால் அந்தப் பகுதியை மட்டும் பல கோடிப் பிரதிகளாகப் பெருக்கி, மின்புலத்தில் ஓடவிட்டால், சிறிய துண்டு முந்தும்; பெரிய துண்டு பிந்தும். ஓடிய தூரத்தைக் கொண்டு நீளத்தைக் கணக்கிடலாம்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஒரு மரத்தில் குறிப்பிட்ட இடத்தில் 12, 17 என்னும் இரு அளவுகள் உள்ளன. ஒன்று தாய் தந்தது; மற்றொன்று தந்தை தந்தது. தாய் என்று ஐயுறும் மரத்தில் 12, 14. தந்தை என்று ஐயுறும் மரத்தில் 15, 17. கணக்குப் பொருந்துகிறது. தந்தை மரத்தில் 15, 16 என்று இருந்தால்? 17 எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழும். இவ்வாறு பல இடங்களில் பொருந்தாமற்போனால் அம்மரம் தந்தை அன்று என்று விலக்கிவிடலாம். ஓரிடத்தில் தற்செயலாகப் பொருந்துவதற்குப் பத்தில் ஒரு வாய்ப்பு உண்டென்று கொண்டாலும், ஒன்றையொன்று சாராத பத்து இடங்களிலும் தற்செயலாகவே பொருந்துவதற்கு ஆயிரம் கோடியில் ஒரு வாய்ப்புத்தான். பல அடையாளங்களை எடுப்பதன் காரணம் இதுவே.

பசுங்கணிகத்துக்கும் தனியே டி.என்.ஏ. உண்டு. செர்ரி இனங்களில் அது சூல் வழியே, அதாவது தாயிடமிருந்து மட்டும் வருகிறது. ஆகவே உட்கருவின் டி.என்.ஏ. பெற்றோர் இருவரையும் காட்டும், பசுங்கணிகத்தின் டி.என்.ஏ. தாய் யார் என்பதைத் தனித்துக் காட்டும்.

டி.என்.ஏ. சொன்ன சாட்சியம்

மனிதரை அடையாளம் காண 1984-இல் இங்கிலாந்தின் ஜெஃப்ரிஸ் கண்ட டி.என்.ஏ. ரேகை முறை விரைவில் மரங்களுக்கும் வந்தது. 1995-இல் வெளியான ஜப்பானிய ஆய்வு ஒன்றில், பல இடங்களிலிருந்து எடுக்கப்பட்ட சோமெய் யோஷினோ மரங்கள் அனைத்தும் ஒரே ரேகையைக் காட்டின. 2007-இல் எஸ்.எஸ்.ஆர். ஆய்வும் அதையே உறுதி செய்தது. நாடெங்கும் நிற்கும் எண்ணற்ற சோமெய் யோஷினோ மரங்கள் யாவும் ஒரு தனி மரத்திலிருந்து ஒட்டுக்கட்டிப் பெருக்கப்பட்டவை என்பது இதனால் தெளிவாயிற்று. இதை ஆய்வாளர்கள் குளோன் என்பர். எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களிடம் குளோன் என்றால் விழிப்பார்கள். ஒட்டு மாங்கன்று என்றால் உடனே புரிந்துகொள்வார்கள். இரண்டும் ஒரே கருத்துத்தான்.

எல்லா மரங்களும் ஓர் ஊரில் ஒரே வாரத்தில் பூத்துக் கொட்டுவது ஏன் என்பதும் இதனால் விளங்குகிறது. சாலை நெடுகிலும் இம்மரங்கள் மட்டும் நிற்கும் இடத்தில் காய் பிடிப்பது அரிது. அதற்கும் இதுவே காரணம். செர்ரி மரம் தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. பக்கத்து மரத்தின் மகரந்தமும், குளோன் ஆகையால், தன் மகரந்தமே அன்றோ!

பெற்றோரைப் பற்றிய கேள்விக்கும் விடை கிடைத்தது. 2014-இல் வெளியான எஸ்.எஸ்.ஆர். ஆய்வு இருநூறுக்கு மேற்பட்ட தோட்ட வகைகளைக் காட்டினங்களோடு ஒப்பிட்டது. சோமெய் யோஷினோவின் மரபில் எடோஹிகனின் பங்கு ஏறத்தாழ 47 விழுக்காடு, ஓஷிமாவின் பங்கு 37 விழுக்காடு, யமசகுராவின் பங்கு 11 விழுக்காடு என்று மதிப்பிட்டது. ஓஷிமா வழிப் பெற்றோரிடமே முன்பு சிறிது மலைச் செர்ரி கலந்திருக்கக்கூடும் என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். பசுங்கணிக டி.என்.ஏ., எடோஹிகனே தாய் என்று காட்டியது. 2019-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இம்மரத்தின் டி.என்.ஏ. முழுவதையும் படித்து, தாய் வழி வந்ததையும் தந்தை வழி வந்ததையும் தனித்தனியே பிரித்தனர். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 69 கோடி எழுத்துகள். அவ்விரு இனங்களும் ஏறத்தாழ 55 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை என்றும் கணக்கிட்டனர். அத்தனை காலம் பிரிந்திருந்த இரு குலங்கள் ஒரு பூவில் மீண்டும் சேர்ந்தன. வில்சனின் ஊகம் நூறாண்டுகளுக்குப் பின் மெய்யாயிற்று.

அப்படியானால் ஜெஜு மரம்? 2007-இல் அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் பங்கேற்ற ஆய்வு ஒன்று, ஜெஜு மரங்களும் ஜப்பானிய மரங்களும் வேறானவை என்று கொள்ளலாம் என்றது. 2018-இல் கொரிய ஆய்வாளர்களே ஜெஜு மரத்தின் டி.என்.ஏ. முழுவதையும் படித்து வெளியிட்டனர். அதன் தாய் எடோஹிகன் இனம்; தந்தை மலைச் செர்ரி இனம். ஓஷிமாவின் சுவடு அதில் இல்லை. ஆகவே இரு மரங்களும் தாய்வழியில் ஒரு குலம். தந்தைவழியில் வெவ்வேறு குலம். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கவில்லை. கோனேயும் கொய்சுமியும் கண்ட உருவ ஒற்றுமை பொய்யன்று. அது பொதுத் தாயினத்தால் வந்தது.

இம்முடிவில் தோற்றவர் யாரும் இல்லை என்பதே என் கருத்து. ஜெஜு மரம் காட்டில் தானே கலந்து தானே எழுந்த கலப்பு. அதற்குரிய பெருமை வேறெந்த மரத்தையும் சார்ந்து நிற்க வேண்டியதில்லை. தம் நாட்டின் விருப்பத்துக்கு மாறான ஒரு விடை வரக்கூடும் என்று தெரிந்தும் அந்த ஆய்வை எடுத்துக்கொண்டு, கண்டதைக் கண்டபடி வெளியிட்ட கொரிய ஆய்வாளர்களின் நேர்மை, அறிவியல் மாணவர்கள் நெஞ்சில் நிறுத்த வேண்டிய ஒன்று.

அடையாளங்கள் சொல்லாதவை

டி.என்.ஏ. எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நினைப்பதும் தவறு. பெற்றோர் எந்த இனங்கள் என்பதை அது சொல்கிறது. மகரந்தத்தை வண்டு கொண்டு வந்ததா, சோமெய் ஊர்த் தோட்டக்காரர் ஒருவர் தூரிகையால் தொட்டு வைத்தாரா என்பதை அது சொல்வதில்லை. எந்த ஆண்டு என்பதையும் சொல்வதில்லை. அவற்றுக்கு ஏடுகளும் கள ஆய்வும் வேண்டும். ஒப்பிடுவதற்குக் காட்டினங்களின் மாதிரிகள் போதிய அளவில் இல்லையென்றால் கணக்கும் தடம் மாறும். ஆகவே காட்டில் நடந்து மாதிரி சேகரிப்பவரின் உழைப்பு சோதனைச்சாலையின் உழைப்புக்குக் குறைந்ததன்று. 2018-இல் கூட ஜப்பானின் கீ தீபகற்பத்தில் 'குமானோ செர்ரி' என்னும் புதிய காட்டினம் ஒன்று அறிவிக்கப்பட்டது என்றால் காடு இன்னும் எவ்வளவு மறைத்து வைத்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இதனால் என்ன பயன்?

பூர்வீகம் அறிவது பெருமை பேசுவதற்கு மட்டும் என்றால் இவ்வளவு பாடுபட வேண்டியதில்லை. எல்லா மரங்களும் ஒரே குளோன் என்றால் ஒன்றைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கும். 'டாப்ரினா' என்னும் பூஞ்சையால் கிளைகள் துடைப்பம்போல் குச்சி குச்சியாகக் கிளைத்துப் பூவின்றிப் போகும் நோய்க்குச் சோமெய் யோஷினோ எளிதில் ஆளாகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஒரே காலத்தில் நட்ட மரங்கள் ஒரே காலத்தில் மூப்படைவதும் உண்டு. ஆகவே ஜப்பானில் சில இடங்களில் 'ஜிந்தாய் அகெபோனோ' போன்ற வேறு வகைகளைக் கலந்து நடுகின்றனர். எந்த வகை எதற்கு எவ்வளவு நெருங்கிய உறவு என்று தெரிந்தால்தான் இத்தேர்வைச் சரியாகச் செய்ய முடியும்.

தோட்டங்களில் பெயர்ப் பலகைகளின் குழப்பமும் தீர்ந்து வருகிறது. இரு பெயர்களில் வளர்க்கப்பட்ட மரங்கள் ஒரே குளோனாகவும், ஒரே பெயரில் வளர்க்கப்பட்டவை வெவ்வேறு குளோன்களாகவும் இருந்தமை 2012-இல் வெளியான ஆய்வால் தெரிந்தது. ஓர் அரிய வகை அழியும் நிலையில் இருக்கிறதா என்று அறிய, முதலில் அது உண்மையில் தனி வகைதானா என்று தெரிய வேண்டும் அல்லவா?

மாணவ நண்பர்களே! சோமெய் யோஷினோவுக்குப் பட்டயம் இல்லை. குலமுறை கிளத்தும் ஏடு இல்லை. விற்றவன் வைத்த பெயரும் இன்னொரு மலையின் பெயர். இருந்தும் ஒரு நாடே அதன் நிழலில் பாய் விரித்து அமர்கிறது. ஆவோமோரியின் ஹிரோசாகி பூங்காவில் 1882-இல் நடப்பட்ட மரம், ஆப்பிள் தோட்டக்காரர்களின் கவாத்து முறையாலும் கவனிப்பாலும் நூறாண்டுகள் கடந்தும் பூக்கிறது. நம் கல்லூரியில் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப் படிப்புக்கு வந்தவர்கள். நானும் அவர்களுள் ஒருவன். எங்கிருந்து வந்தோம் என்பதை உள்ளபடி அறிந்துகொள்வது நல்லது. எப்படி வளர்கிறோம் என்பது அதன்பின் கிடைக்கும் கவனிப்பையும், நாம் போடும் உழைப்பையும் பொறுத்தது.